பளு தூக்க ஆசை, மூட்டு என்ன சொல்கிறது? – வாசகர் கேள்வி பதில்

கடலூர், புதுச்சேரி வாசகர்கள் பளுதூக்கும் பயிற்சி பற்றி அனுப்பிய கேள்விகள் இந்த இதழில். பெயர்களை விட்டுவிட்டு ஊரை மட்டும் போட்டிருக்கிறோம்.

கே: எனக்கு 38 வயது. நாள் முழுக்க நாற்காலி வேலை. போட்டிக்குப் போகும் எண்ணமெல்லாம் இல்லை, உடம்பு வலுவாக இருந்தால் போதும். ஸ்னாட்ச் (கம்பியை ஒரே வீச்சில் தலைக்கு மேல் கொண்டுபோவது), கிளீன் அண்ட் ஜெர்க் (முதலில் தோளுக்கு, அங்கிருந்து தலைக்கு மேல்) இரண்டையும் முழுசாகக் கற்றால்தான் பலன் என்கிறார் ஜிம் மாஸ்டர். நம்ம வேலூர் சதீஷ் சிவலிங்கம் அப்படித்தானே தூக்கினார் என்றும் கேட்கிறார். அவர் சொல்வது சரியா?
– மஞ்சக்குப்பம், கடலூர்

ப: சதீஷ் சிவலிங்கத்தின் கணக்கு வேறு, உங்கள் கணக்கு வேறு. 2018 கோல்டு கோஸ்ட் காமன்வெல்த் போட்டியில் 77 கிலோ பிரிவில் அவர் ஸ்னாட்சில் 144, கிளீன் அண்ட் ஜெர்க்கில் 173, மொத்தம் 317 கிலோ தூக்கித் தங்கம் வாங்கினார். அவ்வளவு எடையை நின்றபடியே தலைக்கு மேல் இழுத்துவிட முடியாது. அதனால்தான் கம்பி ஓரளவு ஏறியதும் வீரர் சட்டென்று அதற்கு அடியில் போய்க் குந்திவிடுகிறார். குந்தி வாங்கினால், அதாவது ஏறிவரும் கம்பியைக் குந்திய நிலையில் ஏந்திக்கொண்டால், கம்பி ஏற வேண்டிய உயரம் குறையும், அந்த அளவுக்குக் கூடுதல் எடை போடலாம். பதக்கத்துக்கு அது அவசியம். வலுவுக்கு அவசியமில்லை.

வலு சேர்வது இரண்டு இடங்களில். காலும் இடுப்பும் சேர்ந்து கம்பியை மேலே விரட்டும் அந்த அரை நொடி ஒன்று. கால் கொடுத்த உந்தலோடு தலைக்கு மேல் தள்ளுவது மற்றொன்று. இந்த இரண்டையும் வைத்துக்கொண்டு ஆழமாகக் குந்தி வாங்குவதை விட்டுவிட்டால் கணுக்கால், இடுப்பு, தோள், மணிக்கட்டு நான்குக்கும் நிம்மதி. நாற்காலியில் இறுகிப்போன உடம்புக்கு அந்த நான்கும் ஒரே சமயத்தில் முழுசாக வளைந்து கொடுக்காது. எது வளைய மறுக்கிறதோ, அதற்குப் பக்கத்து மூட்டு அடி வாங்கும்.

பெயர்களைப் பிரித்துப் படித்தால் தேர்வு சுலபம். ‘ஹேங்’ என்றால் கம்பியைத் தரையில் வைக்காமல் தொடையருகே தொங்கவிட்டுத் தொடங்குவது. ‘பிளாக்’ என்றால் கட்டைமேல் வைத்துத் தொடங்குவது. ‘பவர்’ என்றால் தொடை தரைக்கு இணையாக இறங்குவதற்கு முன்பே வாங்கிவிடுவது. ‘புல்’ என்றால் இழுப்பதோடு சரி, வாங்குவதே கிடையாது.

உங்களுக்கு ஏற்றவை நான்கு: ஹேங் பவர் கிளீன், புஷ் பிரஸ் (தோளிலிருந்து கால் உந்தலோடு தலைக்கு மேல் தள்ளுவது), ஃப்ரண்ட் ஸ்குவாட் (கம்பியைத் தோளின் முன்பக்கம் ஏந்திக் குந்தி எழுவது), ரொமேனியன் டெட்லிஃப்ட் (இடுப்பைப் பின்னால் தள்ளிக் கம்பியை இறக்கி நிமிர்வது). வாரம் இரண்டு நாள் போதும். ஹேங் பவர் கிளீன் 5 செட், செட்டுக்கு 3 தடவை. புஷ் பிரஸ் 4 செட், 4 தடவை. ஃப்ரண்ட் ஸ்குவாட் 3 செட், 5 தடவை. ரொமேனியன் 3 செட், 8 தடவை. முதல் இரண்டையும் உடம்பு புத்துணர்வோடு இருக்கும்போதே முடித்துவிடுங்கள். களைத்த பிறகு வேக அசைவு செய்தால் முறை கெடும். செட்டுக்கு நடுவே இரண்டு நிமிடம் உட்காருங்கள்.

ஹேங் பவர் கிளீன் செய்யும் முறை: பாதங்கள் இடுப்பகலம். கைகள் தொடைக்கு வெளியே ஒரு கட்டைவிரல் நீளம் தள்ளி. கம்பியோடு நிமிர்ந்து நின்று, இடுப்பைப் பின்னால் தள்ளிக் கம்பியைத் தொடை வழியே முழங்காலுக்குச் சற்று மேல் வரை இறக்குங்கள். இப்போது தோள் கம்பிக்கு முன்னால் இருக்க வேண்டும், முதுகு பலகை மாதிரி. அங்கிருந்து தரையைக் காலால் அழுத்தி நிமிருங்கள். கம்பி மேல்தொடையை உரசிக்கொண்டு ஏறும். உடம்பு முழுசாக நிமிர்ந்து, தோளைக் காதுவரை தூக்கிய பிறகே முழங்கை மடங்க வேண்டும். உடனே முழங்கையைக் கம்பிக்கு அடியில் சுழற்றி முன்னால் கொண்டுவந்து, கால்வாசிக் குந்தலில் தோள்மேல் வாங்குங்கள்.

புதியவர்கள் எல்லோரும் செய்யும் பிழை, கையை முன்கூட்டியே மடக்குவது. கால் செய்ய வேண்டிய வேலை முழங்கைக்குப் போகிறது, ஒரு மாதத்தில் முழங்கை உட்புறம் வலிக்கும். அடுத்த பிழை, கம்பி உடம்பை விட்டு விலகி வளைந்து வருவது. பண்ருட்டிப் பக்கம் பலாப்பழம் தூக்குகிறவர் அதை நெஞ்சோடு அணைத்துத்தான் தூக்குவார், ஒரு முழம் தள்ளி வைத்துத் தூக்க மாட்டார். கம்பிக்கும் அதே நியாயம்.

பெரும்பாலான ஜிம்களில் இரும்பு பிளேட் என்பதால் கம்பியைக் கீழே போட முடியாது. அதனால் இறக்குவதையும் கற்க வேண்டும்: முழங்காலைச் சற்று மடக்கிக் கம்பியைத் தொடையில் வாங்கி, பிறகு கீழே. தோளிலிருந்து ஒரே மூச்சில் தரைக்கு இறக்குகிறவர்களுக்குத்தான் இடுப்புப் பிடிப்பு வருகிறது. தூக்கும்போது வந்ததென்று நினைத்துக்கொள்வார்கள்.

எடை? வெறும் கம்பியில் தொடங்குங்கள். ஆண்களுக்கான போட்டிக் கம்பி 20 கிலோ, பெண்களுக்கானது 15. உங்கள் ஜிம் கம்பியைத் தராசில் வைத்துப் பாருங்கள், சொல்லும் எடையும் இருக்கும் எடையும் ஒன்றாக இருக்க வேண்டுமென்று கட்டாயமில்லை. ஐந்து செட்டும் ஒரே வேகத்தில் முடிந்தால் அடுத்த முறை மொத்தமாக 2.5 கிலோ கூட்டலாம். மூன்றாவது தடவை மந்தமாக வந்தாலோ, வாங்கும்போது பாதம் இரண்டும் தவளை மாதிரி விரிந்தாலோ, அன்றைக்கு எடை அதிகம் என்று அர்த்தம்.

கே: வயது 44. கிளீன் செய்து கம்பியைத் தோளில் வாங்கும்போது மணிக்கட்டு கழன்று விடுவதுபோல் வலிக்கிறது. பட்டை கட்டிப் பார்த்தேன், அதே வலி.
– லாஸ்பேட்டை, புதுச்சேரி

ப: கம்பி உங்கள் கையில் உட்கார்ந்திருக்கிறது, தோளில் அல்ல. பட்டை இதைச் சரி செய்யாது.

ஒரு சோதனை செய்யுங்கள். ஸ்குவாட் ரேக்கில் (கம்பியைத் தாங்கும் நிலைச்சட்டம்) வெறும் கம்பியை வைத்து, தோளின் முன்தசைமேல், தொண்டையை ஒட்டினாற்போல் ஏந்துங்கள். இரண்டு கையையும் தூக்கத்தில் நடப்பவர்போல் முன்னால் நீட்டிக்கொண்டு நில்லுங்கள். கை படாமலே கம்பி நிற்க வேண்டும். நின்றால் அதுதான் இருக்கை. இப்போது முழங்கை தாழாமல், இரண்டு மூன்று விரல்களை மட்டும் கம்பிக்கு அடியில் கொக்கிபோல் கொடுங்கள். கிளீனில் வாங்கும்போதும் இவ்வளவுதான் பிடி. உள்ளங்கை முழுக்க இறுகப் பிடித்தபடி வாங்கினால் முழங்கை தரையைப் பார்க்கும், மொத்த எடையும் பின்னால் வளைந்த மணிக்கட்டில் இறங்கும்.

முழங்கை மேலே வராததற்குக் காரணங்கள் சில உண்டு. பிடி குறுகலாக இருக்கலாம், தோளுக்கு வெளியே ஒரு கட்டைவிரல் நீளம் தள்ளிப் பிடித்துப் பாருங்கள். மேல்கையின் பின்தசையும் அக்குளுக்குக் கீழே இறங்கும் முதுகுத் தசையும் இறுகியிருக்கலாம். ரேக்கிலிருக்கும் கம்பிக்கு அடியில் முழங்கையைக் கொடுத்து ஒவ்வொரு கையாக மேலே தள்ளி 30 நொடி, மூன்று முறை, பயிற்சிக்கு முன் தினமும் செய்யுங்கள். நான்கைந்து வாரம் பொறுக்க வேண்டும். மேல்கையைவிட முன்கை நீளமான உடல்வாகும் உண்டு. அவர்களுக்கு எத்தனை நீட்டினாலும் முழங்கை ஓரளவுக்கு மேல் ஏறாது. அது குறையல்ல.

பலரும் பார்க்காமல் விடுவது கம்பியை. நல்ல பளுதூக்கும் கம்பியில் பிளேட் மாட்டும் முனை தனியாகச் சுழலும். கிளீனில் முழங்கை சுழலும்போது கம்பியும் கையோடு திரும்பும், பிளேட் தன்பாட்டுக்கு நிற்கும். ஒரே துண்டாக வார்த்த கம்பியில் பிளேட்டை இறுக்கி மாட்டியிருந்தால் எல்லாம் சேர்ந்து சுழலப் பார்க்கும். அந்த முறுக்கை உங்கள் மணிக்கட்டுதான் தாங்க வேண்டும். பிளேட்டை மாட்டிவிட்டுக் கையால் சுழற்றிப் பாருங்கள். சுழலவில்லையா, அந்தக் கம்பியில் கிளீன் வேண்டாம்.

அதுவரை என்ன செய்வது? கிளீன் புல் செய்யுங்கள், வாங்காததால் மணிக்கட்டுக்கு வேலையே இல்லை. வாங்குகிற பழக்கமும் வேண்டுமென்றால் இரண்டு டம்பெல், உள்ளங்கை ஒன்றையொன்று பார்த்தபடி. ஃப்ரண்ட் ஸ்குவாட்டுக்கு லிஃப்டிங் ஸ்ட்ராப்பை (பிடிக்கு உதவும் துணிப் பட்டை) கம்பியில் சுற்றி, அந்த வாலைப் பிடித்துக்கொள்ளலாம். ஆனால் கிளீனில் ஸ்ட்ராப் கட்டாதீர்கள். பிசகினால் கையை விடுவிக்க முடியாது. விரல் மரத்துப்போதல், இரவில் வலி, வீக்கம் இருந்தால் மேலே சொன்னதையெல்லாம் தள்ளி வைத்துவிட்டு எலும்பு மருத்துவரைப் பாருங்கள்.

கே: வயது 52. கிளீன் பரவாயில்லை. ஸ்னாட்ச் செய்தால் வலது தோளுக்குள் ஏதோ நசுங்குகிறது. ஸ்னாட்சை விட்டுவிட்டால் நஷ்டமா?
– அரியாங்குப்பம், புதுச்சேரி

ப: நஷ்டமில்லை. அகலப் பிடியில், முழு வேகத்தில் வரும் கம்பியைத் தலைக்கு மேல் நிறுத்துவது தோளிடம் கேட்கும் கடினமான வேலை. இரண்டு கையும் ஒரே கம்பியில் பூட்டப்பட்டிருப்பதால், வலது தோள் ‘எனக்கு வேறு கோணம் வேண்டும்’ என்று சொன்னாலும் இடம் கிடைக்காது.

சுவரில் முதுகு, பிட்டம் படும்படி, குதிகாலை ஒரு சாண் முன்னால் வைத்து நில்லுங்கள். கையை நேராக மேலே தூக்கிக் கட்டைவிரலால் சுவரைத் தொடுங்கள். விலா எலும்பு முன்னால் துருத்தாமல், இடுப்புக்கும் சுவருக்கும் இடைவெளி பெரிதாகாமல் தொட முடிந்தால்தான் கம்பியைத் தலைக்கு மேல் கொண்டுபோகலாம். முடியாதவர் தூக்கினால் அந்தக் குறையை இடுப்பு வளைந்து ஈடுகட்டும். 1972 மியூனிக் ஒலிம்பிக்கோடு ‘பிரஸ்’ (தோளிலிருந்து கை வலுவால் மட்டும் தலைக்கு மேல் தள்ளுவது) என்ற மூன்றாவது போட்டித் தூக்கலை நிறுத்தியதற்கும் இதில் பங்குண்டு: வீரர்கள் பின்னால் சாய்ந்து சாய்ந்து தள்ள, எது சரியான தூக்கல் என்று நடுவர்களால் தீர்மானிக்க முடியவில்லை.

சோதனையில் தேறாவிட்டால் ஒற்றைக் கை டம்பெல் ஸ்னாட்சுக்கு மாறுங்கள். கை தனியாக இருப்பதால் தோள் தனக்கு வசதியான பாதையைத் தானே தேடிக்கொள்ளும். 7.5 அல்லது 10 கிலோவில் தொடங்கி, ஒரு கைக்கு 4 தடவை, 4 செட். அதுவும் நசுக்கினால் கம்பியின் ஒரு முனையைச் சுவர் மூலையில் துணி சுற்றி ஊன்றி, மறுமுனையை நெஞ்சிலிருந்து சாய்வாக முன்னால் தள்ளுங்கள். கை முழுசாகத் தலைக்கு மேல் போகாததால் ஸ்னாட்ச் ஆகாதவர்களிலும் பலருக்கு இது ஒத்துப்போகும்.

இழுக்கும் வலு குறையக்கூடாதென்றால் ஸ்னாட்ச் புல் இருக்கிறது. கம்பி தொப்புளைத் தாண்ட வேண்டாம். முழங்கை தோளுக்கு மேல் ஏறும் ‘ஹை புல்’ உங்களுக்கு ஆகாது, நசுங்கும் இடம் அதுவேதான்.

கே: மீன்பெட்டி தூக்கும் வேலை. ஜிம்மில் தரையிலிருந்து கம்பியை எடுத்தால் மட்டும் கீழ்முதுகு பிடிக்கிறது. பெட்டி தூக்கும்போது வராத வலி கம்பியில் ஏன் வருகிறது?
– கடலூர் முதுநகர்

ப: பிளேட்டின் விட்டத்தை அளந்து பாருங்கள். போட்டி பிளேட்டின் விட்டம் 45 சென்டிமீட்டர், அதாவது கம்பியின் நடு தரையிலிருந்து 22.5 செ.மீ. உயரத்தில் இருக்கும். பயிற்சிமுறைகள் எல்லாம் அந்த உயரத்தை வைத்துத்தான் எழுதப்பட்டவை. உங்கள் ஜிம்மில் சின்ன இரும்பு பிளேட் 30 செ.மீ. விட்டமென்றால் கம்பி 15 செ.மீ. உயரத்தில்தான் கிடக்கும். அந்த ஏழரை சென்டிமீட்டருக்காக நீங்கள் கூடுதலாகக் குனிகிறீர்கள். தொடையின் பின்தசை நீளும் வரை நீளும், பிறகு முதுகு வளைந்துதான் கை கம்பிக்கு எட்டும். பெட்டி உயரமானது, கைப்பிடி மேலே இருக்கிறது, அதனால் அங்கே வலி வருவதில்லை.

மரக்கடையில் 19 மி.மீ. ப்ளைவுட் வாங்கி, ஒரு பக்கத்துக்கு 40 × 40 செ.மீ. அளவில் நான்கு துண்டு அடுக்கித் திருகிவிட்டால் 7.6 செ.மீ. உயரம் வரும். இரண்டு பக்கமும் வைத்து அதன்மேல் பிளேட்டை நிறுத்துங்கள். கம்பி உருளாமல் இருக்க ஓரத்தில் ஒரு ரீப்பர் அடித்துவிடுங்கள். செலவு செய்ய மனமில்லையென்றால் ஹேங் நிலையிலேயே எல்லாவற்றையும் செய்யலாம்.

இன்னொன்று. வேலையே பளு தூக்குவதென்றால், உங்கள் முதுகு ஜிம்முக்கு வரும்போதே பாதி சம்பளத்தைச் செலவழித்துவிட்டது. வரத்து அதிகமான நாட்களில் இழுப்புப் பயிற்சி வேண்டாம், புஷ் பிரஸும் ஃப்ரண்ட் ஸ்குவாட்டும் போதும். ஓய்வு நாளுக்கு அடுத்த நாள் ரொமேனியன் டெட்லிஃப்ட் செய்யுங்கள். 1984 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற ருமேனிய வீரர் நிகு விளாட் செய்துகாட்டியதால் வந்த பெயர் அது. முழங்காலைச் சற்றே மடக்கி அப்படியே நிறுத்தி, இடுப்பை மட்டும் பின்னால் தள்ளுவது. கம்பி முட்டிக்குக் கீழே நான்கு விரல் இறங்கினால் போதும். தரையைத் தொட வேண்டுமென்ற வீராப்பு எதற்கு?

கே: முழங்கால் வலி. குந்தி வாங்காமல் ‘பவர்’ முறைக்கு மாறிய பிறகும் வலி போகவில்லை.
– வில்லியனூர், புதுச்சேரி

ப: வாங்கும்போது பாதத்தைத் தரையில் ‘டொம்’ என்று அடிக்கிறீர்களா? அந்த ஓசையை ஒரு கெத்தாக நினைக்கிறார்கள். பாதம் தரையை விட்டு ஒரு விரல்கடை எழும்பினால் அதிகம். பவர் முறையில் கம்பியின் வேகத்தைக் குறுகிய தூரத்தில் நிறுத்த வேண்டியிருப்பதால், விறைத்த காலில் வாங்கினால் முழங்காலுக்கு அடி கூடத்தான் செய்யும். கம்பி தோளைத் தொட்டதும் மெத்தையில் உட்காருவதுபோல் இன்னும் நான்கு விரல் இறங்கி நிறுத்துங்கள். ஓடும் ஷூவைக் கழற்றிவிடுங்கள், அதன் மெத்தையில் பாதம் ஆடும், முழங்கால் உள்ளே சாயும். கடினமான அடியும் 2 செ.மீ. அளவுக்குக் குதிகால் உயரமும் உள்ள பளுதூக்கும் ஷூ நல்லது, இல்லாவிட்டால் தட்டையான கான்வாஸ். ஒரு மாதம் கிளீன் புல் மட்டும் செய்து, ஸ்டூல் உயரத்துக்கு ஃப்ரண்ட் ஸ்குவாட் இறங்கிப் பாருங்கள். வலி குறைந்தால் குற்றவாளி வாங்கும் முறைதான்.

கே: மொட்டை மாடியில் கம்பியும் பிளேட்டும் வைத்திருக்கிறேன். கடற்கரை பக்கத்திலேயே வீடு. ஆறே மாதத்தில் துரு.
– தேவனாம்பட்டினம், கடலூர்

ப: உப்புக்காற்றுக்குக் கம்பியின் சொரசொரப்பான பகுதிதான் முதல் பலி. பிடிக்காகப் பூசும் மெக்னீசியம் கார்பனேட் அந்தப் பள்ளங்களில் தங்கி ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். ஒவ்வொரு நாளும் முடித்ததும் நைலான் பிரஷால் தேய்த்து உதறுங்கள். வாரம் ஒருமுறை தையல் மெஷின் எண்ணெயைத் துணியில் தொட்டுத் துடைத்து, பத்து நிமிடம் கழித்து உலர்ந்த துணியால் முழுக்க எடுத்துவிடுங்கள். எண்ணெய் மிச்சமிருந்தால் கை வழுக்கும். சுழலும் முனைக்குள் இரண்டு சொட்டு. கம்பி பிரஷ் வேண்டாம், முலாம் போய்விட்டால் அப்புறம் துருவை நிறுத்தவே முடியாது. கம்பி இரவில் வீட்டுக்குள் இருக்கட்டும். கைக்கு முகப்பவுடர் போடும் பழக்கத்தையும் விடுங்கள், அது வழுக்கத்தான் செய்யும். கார்பனேட் கட்டியை இறுக்கமான மூடியுள்ள டப்பாவில் வையுங்கள், நம்மூர்க் காற்றில் திறந்து வைத்தால் நமத்துவிடும்.

துருவைவிடக் கவலை மாடிதான். தட்டோடு பதித்த தளத்தில் கம்பியைப் போட்டால் ஓடு விரியும், ஐப்பசி மழையில் கீழ்வீட்டுக் கூரை ஒழுகும். ரப்பர் பாய் விரித்தாலும் மாடியில் எடையைப் போடாதீர்கள். இறக்கி வைக்க முடிந்த எடைதான் மாடியில் தூக்க வேண்டிய எடை.

கே: 12 வயது மகள் பளுதூக்க ஆசைப்படுகிறாள். குள்ளமாகிவிடுவாள் என்கிறார் அவள் பாட்டி.
– முத்தியால்பேட்டை, புதுச்சேரி

ப: பாட்டி தொலைக்காட்சியில் மீராபாய் சானுவைப் பார்த்திருப்பார். டோக்கியோ ஒலிம்பிக்கில் 49 கிலோ பிரிவில் 202 கிலோ தூக்கி வெள்ளி வாங்கியவர், உயரம் குறைந்தவர்தான். பளு தூக்கியதால் குள்ளமாகவில்லை. எடைப் பிரிவு சிறியதாக இருக்கும்போது உயரம் குறைந்தவர்களுக்கு அங்கே சாதகம் அதிகம், அவ்வளவுதான். பயிற்சியாளர் பக்கத்தில் நின்று, முறையோடு சொல்லிக்கொடுத்தால் வளர்ச்சிக்குக் கெடுதல் இல்லை. முதல் சில மாதம் மரக்கோல், பிறகு லேசான பயிற்சிக் கம்பி. அதிகபட்ச எடையைச் சோதித்துப் பார்க்கும் வேலை வேண்டாம். சர்வதேச இளையோர் பிரிவே 13 வயதில்தான் தொடங்குகிறது, அவசரமில்லை.

கே: கட்டைவிரலை உள்ளே வைத்துப் பிடிக்கச் சொல்கிறார்கள். உயிர் போகிறது. கட்டாயமா?
– திருப்பாதிரிப்புலியூர், கடலூர்

ப: உடல் எடையில் பாதிக்கும் குறைவாகத் தூக்கும்வரை கட்டாயமில்லை. அதற்கு மேல் வேகமாக இழுக்கும்போது சாதாரணப் பிடி திறந்துகொள்ளும். கை பயந்து இறுகும், இறுகினால் முழங்கை மடங்கும். கட்டைவிரலைக் கம்பியோடு நீளவாக்கில் சுற்றி, அதன் நகத்துக்குப் பின்னால் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் பிடிக்க வேண்டும். நகத்தின்மேலேயே அழுத்தினால்தான் உயிர் போகும். நீளும் துணிப் பட்டையைக் கணுவில் இரண்டு சுற்று சுற்றிக்கொள்ளுங்கள், சூடேற்றும் செட்களில் மட்டும் இந்தப் பிடியைப் பழகுங்கள். இரண்டு மூன்று வாரத்தில் விரல் பழகிவிடும். கம்பியைத் தோளில் வாங்கியதும் கட்டைவிரலை விட்டுவிடலாம்.